கேத்தி கேலின் கணவன் எங்கே செத்தார்?

2012இல் மார்வலின் 'தி அவெஞ்சர்ஸ்' படம் திரைக்கு வந்தபோது பிரித்தானியாவில் அதன் பெயர் 'அவெஞ்சர்ஸ் அசெம்பிள்'. ஏன் எண்டால், அந்த நாட்டில் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற பெயருக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். அயன் மானும் தோரும் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே, தொப்பியும் குடையுமாக ஒரு கனவானும், இறுக்கமான தோலாடையில் ஜூடோ அடிக்கும் ஒரு பெண்ணும் அந்தப் பெயரில் ஒரு தசாப்தத்தின் பெரும்பகுதியை ஆண்டுவிட்டார்கள்.

எங்கட தலைமுறைக்கு அந்தத் தொடர் தெரியாவிட்டாலும் அதன் நடிகைகளைத் தெரியும். 'கேம் ஒப் த்ரோன்ஸ்' பார்த்தவர்கள் ஒலென்னா டைரெல் கிழவியை மறக்கமாட்டார்கள். அந்தக் கிழவிதான் 1965இல் எம்மா பீலாக வந்த டயானா ரிக். அவருக்கு முன்னர் கேத்தி கேலாக வந்தவர் ஒனர் பிளாக்மன். 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில் விமானம் ஓட்டுகிற பெண் அவர்தான். இருவருமே 2020இல் காலமானார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கதாபாத்திரங்களைப் பற்றியது. இரண்டு பேரும் துணிச்சல்காரிகள், படித்தவர்கள், யாருக்கும் கட்டுப்படாதவர்கள். இரண்டு பேருக்கும் அதிகம் கதைக்கப்படாத ஒரு கடந்தகாலம் இருக்கிறது. அந்தக் கடந்தகாலத்தைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் அதன் மறுமுனை லண்டனில் முடியவில்லை, கென்யாவின் காடுகளில் போய் முடிகிறது.

ஒரு விளையாட்டுத் தொடர்

முதலில் தொடரைப் பற்றி. சும்மா சொல்லக்கூடாது, பயங்கரக் கூத்து அது. விண்வெளியிலிருந்து விழுந்து மனிதரைத் தின்கிற செடி, கராத்தே வெட்டாக வெட்டிக் கொல்கிற இயந்திர மனிதர்கள், நாயகனையும் நாயகியையும் விரல் அளவுக்குச் சுருக்கிவிடும் கருவி எண்டு எதுவும் வரும். ஜோன் ஸ்டீட் என்ற உளவாளியாக வரும் பற்றிக் மக்னியின் குடைக்குள் வாள் இருக்கும். ஊர் அழியப்போகும் நேரத்திலும் யாராவது ஒருவர் ஷாம்பெய்ன் ஊற்றிக்கொண்டிருப்பார். தன் மிகையைத் தானே ரசிக்கிற இந்தப் பாணியை ஆங்கிலத்தில் 'காம்ப்' என்பார்கள். நம்பச் சொல்லிக் கேட்காது, சேர்ந்து சிரிக்கச் சொல்லும்.

ஆனால் தொடர் அப்படித் தொடங்கவில்லை. 1961 ஜனவரியில் ஏபிசி என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனம் இதை ஒரு சாதாரணக் குற்றக் கதையாகவே ஆரம்பித்தது. பின்னால் இருந்தவர் கனடாக்காரரான சிட்னி நியூமன். இவரே பிறகு பிபிசிக்குப் போய் 'டொக்டர் ஹூ' உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். முதல் கதையில் டொக்டர் கீல் என்ற வைத்தியரின் வருங்கால மனைவி சுட்டுக் கொல்லப்படுகிறாள். அதற்குப் பழிவாங்கப் புறப்படுவதால்தான் 'அவெஞ்சர்ஸ்' என்ற பெயரே வந்தது. அந்த முதலாவது பருவத்தின் 26 பகுதிகளில் இன்றைக்கு முழுதாகக் கையில் இருப்பவை மூன்றே மூன்று. அந்தக் காலத்தில் ஒளிநாடாக்களைப் பாதுகாக்கும் வழக்கம் இருக்கவில்லை. தொடரின் சொந்தக் கடந்தகாலமே இப்படித் தொலைந்துபோன ஒன்றுதான்.

பிறகு நடிகர் சங்கத்தின் வேலைநிறுத்தம் வந்தது. வைத்தியராக நடித்த இயன் ஹென்ட்ரி சினிமாவுக்குப் போய்விட்டார். இரண்டாவது பருவத்துக்கு ஸ்டீடுடன் சேர ஒரு புதிய ஆள் தேவைப்பட்டது. 1962 செப்டெம்பரில் அந்த ஆளாக வந்தவர்தான் கேத்தி கேல். ஆணுக்காக எழுதிவைத்திருந்த சில கதைகள் பெரிய மாற்றமில்லாமல் அவர் கைக்குப் போயின. விளைவு வேடிக்கையானது. அதுவரை பிரித்தானியத் தொலைக்காட்சியில் பெண்கள் கூச்சலிடுவார்கள், யாராவது வந்து காப்பாற்றுவார்கள். கேத்தி கேலோ ஓர் ஆண் பேசவேண்டிய வசனத்தைப் பேசினார், ஓர் ஆண் அடிக்கவேண்டிய அடியை அடித்தார்.

அடிப்பதற்காகப் பிளாக்மன் உண்மையிலேயே ஜூடோ பழகினார். 1964இல் ஒளிபரப்பான ஒரு பகுதியின் சண்டைக் காட்சியில், எதிரே நின்ற தொழில்முறை மல்யுத்த வீரர் நிஜமாகவே நினைவிழந்து விழுந்தார். சாதாரணத் துணி சண்டையில் கிழிந்ததால்தான் தோலாடைக்கு மாறினார்கள் என்பது அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்படும் கதை.

பிணம் ஒன்று வேண்டும்

இப்போது கவனியுங்கள். முதல் பருவத்தில் ஒரு பெண் செத்ததால் ஓர் ஆண் புறப்பட்டார். இரண்டாவது பருவத்தில் ஓர் ஆண் செத்ததால் ஒரு பெண் புறப்பட்டார்.

கேத்தி கேலுக்கென்று தயாரிப்பாளர்கள் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருந்தார்கள். மானிடவியல் படித்தவர். கென்யாவில் பண்ணை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரை மணந்தவர். கணவரை மௌ மௌ கிளர்ச்சியாளர்கள் கொன்றுவிட்டார்கள். துப்பாக்கி பிடிக்க அங்கேதான் பழகினார். பிறகு லண்டனுக்குத் திரும்பிவந்து அருங்காட்சியக வேலையும் உளவு வேலையுமாக வாழ்கிறார். கென்யாவில் ஒரு கையில் குழந்தையும் இடுப்பில் துப்பாக்கியுமாக நின்ற வெள்ளைக்காரப் பெண்ணைச் செய்திப்படத்தில் பார்த்ததுதான் இந்தப் பாத்திரத்துக்கு வித்து என்று நியூமன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1965இல் பிளாக்மனின் இடத்துக்கு எம்மா பீல் வந்தார். 'ஆண்களைக் கவர்வது' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி, அதன் ஒலியிலிருந்தே அந்தப் பெயரைச் செய்தார்கள் என்பது பிரபலமான கதை. ஆனால் அவரை எம்மா எண்டு யாரும் கூப்பிடுவது அரிது. ஸ்டீடுக்கு அவர் எப்போதும் 'மிசிஸ் பீல்'தான். எங்கே அந்த மிஸ்டர் பீல்? அவர் பீற்றர் பீல் என்ற சோதனை விமானி. அமேசன் காட்டுக்கு மேலே விமானத்தோடு காணாமல்போனவர், செத்துவிட்டதாகக் கருதப்படுபவர்.

ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு விதவைகள். இதைத் தற்செயல் என்று எங்களால் நம்ப முடியவில்லை. அறுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு பெண் தனியாக வாழ்கிறாள், இரவில் ஓர் ஆண் நண்பரோடு அலைகிறாள், அவனிடம் எதற்கும் அனுமதி கேட்பதில்லை என்றால் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. கலியாணமாகாதவள் என்றால் 'ஒருமாதிரி' என்பார்கள். கலியாணமானவள் என்றால் கணவன் எங்கே என்பார்கள். செத்துப்போன கணவன் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில். எங்கட சமூகத்தில் விதவை என்ற சொல் ஒரு பெண்ணை வாசலுக்குள்ளே நிறுத்திவைப்பது. லண்டன் எழுத்தாளர்களுக்கு அதே சொல் வாசலைத் திறந்துவிடும் திறப்பாக இருந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் திறப்பு இருப்பது கணவன் கையில்தான், அவர் பிணமாக இருந்தாலும்.

இது பிரித்தானியாவோடு நிற்கவில்லை. மார்வலின் நட்டாஷா ரொமனோவ் கொமிக்ஸில் முதலில் தோன்றியது 1964இல். அவளது பட்டப்பெயரே 'கறுப்பு விதவை'. 1967இல் கொமிக்ஸ் அவளது கடந்தகாலத்தைத் திறந்தபோது உள்ளே இருந்தவர் யார் தெரியுமா? செத்துவிட்டதாக அரசு அறிவித்திருந்த கணவர் அலெக்ஸி. அவரும் ஒரு சோதனை விமானி. 2021இல் வந்த 'பிளாக் விடோ' படத்தில் அவரைக் கணவன் நிலையிலிருந்து வளர்ப்புத் தந்தையாக மாற்றிவிட்டதால் இந்த ஒற்றுமை இப்போது கண்ணில் படுவதில்லை.

'காலஞ்சென்ற எம்மா பீல்'

எம்மா பீலின் கடந்தகாலத்துக்குள் தொடர் உண்மையாகவே எட்டிப்பார்த்தது 1966இல் வந்த 'த ஹவுஸ் தட் ஜாக் பில்ட்' என்ற பகுதியில். ஜாக் என்ற ஒரு மாமா தனக்கு ஒரு வீட்டை எழுதிவைத்ததாகக் கேள்விப்பட்டு எம்மா அங்கே போகிறார். அப்படி ஒரு மாமா அவருக்கு இல்லை. உள்ளே போனால் கதவுகள் இல்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் அதே அறைக்குத் திரும்பி வருகிறார். வீடே ஒரு கணினியால் இயங்கும் பொறி.

அப்போதுதான் விசயம் வெளிவருகிறது. எம்மா பெரிய தொழிலதிபர் ஒருவரின் மகள். 21 வயதில், தந்தை இறந்த பின் கொம்பனியைத் தன் கையில் எடுத்தார். மனிதர்களின் இடத்துக்கு இயந்திரங்களைக் கொண்டுவரத் துடித்த கெல்லர் என்ற பொறியியலாளரை வேலையிலிருந்து நிறுத்தினார். ஒரு பெண் தன்னை நிறுத்தியதைத் தாங்காத கெல்லர், தான் செத்த பிறகும் பழிவாங்கும்படி இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார். வீட்டுக்குள் ஒரு கண்காட்சியும் வைத்திருக்கிறார்: எம்மாவின் சிறுவயதுப் படங்கள், வாழ்க்கை, சாதனைகள். அதன் தலைப்பு 'காலஞ்சென்ற எம்மா பீல்'.

எங்களுக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். ஒரு பெண்ணின் கடந்தகாலத்தை அவளைக் கேட்காமல் சேகரித்து, சுவரில் மாட்டி, அதற்குள் அவளையே பூட்டிவைக்கிற ஓர் ஆண். அந்த வீட்டைத் தன் மூளையாலேயே அவர் உடைத்து வெளியே வருகிறார். கடைசியில்தான் ஸ்டீட் வந்துசேருகிறார், காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

ஆனால் அதே தொடர் மூன்று வருடத்துக்குள் எம்மாவை வேறொரு வீட்டுக்குள் அனுப்பிவிட்டது. 1968இல் வந்த 'த ஃபர்கெட்-மீ-நொட்' அவரது கடைசிப் பகுதி. பத்திரிகையில் ஒரு தலைப்புச் செய்தி: காணாமல்போன விமானி அமேசனில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார். கணவர் காரோடு கீழே வந்து நிற்கிறார். எம்மா ஸ்டீடுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, அடுத்து வரப்போகும் பெண்ணுக்கு ஸ்டீடின் தேநீரை எந்தப் பக்கமாகக் கலக்கவேண்டும் எண்டு சொல்லிவிட்டு, படியிறங்கிப் போகிறார். தூரத்தில் தெரியும் கணவரும் தொப்பி, குடையோடு ஸ்டீட் மாதிரியே இருக்கிறார். நல்ல பகிடிதான். ஆனால் காணாமல்போன கணவருக்காகப் பெண்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்று தெரிந்த ஒரு நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, அந்தக் காட்சியின் இலேசுத்தனம் உறுத்தத்தான் செய்யும். அவளுக்கு என்ன தோன்றியது என்று கதை கேட்கவே இல்லை. கணவன் வந்துவிட்டார், வேலை முடிந்தது.

திரைக்கு வெளியே கதை இன்னும் கசப்பானது. தொடரின் நட்சத்திரமாக இருந்துகொண்டே தான் கமராக்காரரைவிடக் குறைவான சம்பளம் வாங்குவதை டயானா ரிக் கண்டுபிடித்தார். சண்டைபிடித்து உயர்த்திக்கொண்டார். பத்திரிகைகள் அவரைப் பணப்பேய் மாதிரிச் சித்திரித்ததையும், துறையில் ஒருவரும் தன்னோடு நிற்காததையும் கடைசிக் காலம்வரை நேர்காணல்களில் சொல்லிக்கொண்டே இருந்தார். திரையில் கொம்பனியை நடத்திய பெண், திரைக்குப் பின்னால் சம்பளத்துக்கு வாதாடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு தகவல். ரிக் வளர்ந்தது இங்கிலாந்தில் அல்ல. அவரது தந்தை இந்தியாவில் ரயில்வே பொறியியலாளர். எட்டு வயதுவரை ராஜஸ்தானின் பிக்கானீரில் வளர்ந்த அவருக்கு ஹிந்தி இரண்டாவது மொழி. அந்தக் கால பிரித்தானியாவில் யாருடைய கடந்தகாலத்தைத் தோண்டினாலும் கொஞ்ச ஆழத்திலேயே ஏதோவொரு குடியேற்றநாடு தட்டுப்படும்.

அந்த ஒற்றை வரிக்குள் இருந்த நாடு

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கேத்தி கேலின் கணவர் கென்யாவில் செத்தார். தொடருக்கு அது ஒரு வரித் தகவல். 'மௌ மௌ' என்ற சொல்லைக் கேட்டதுமே 1962இன் பிரித்தானியப் பார்வையாளருக்கு மிச்சம் எல்லாம் விளங்கிவிடும்: காட்டுமிராண்டிகள், இரவு, கத்தி, அப்பாவிப் பண்ணைக்காரர். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நடந்தது என்ன? கென்யாவின் வளமான மேட்டுநிலங்கள் ஐரோப்பியருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. நிலமிழந்த கிகுயு மக்களிடையே எழுந்த ஆயுதப் போராட்டத்தைத்தான் பிரித்தானியர் 'மௌ மௌ' என்று அழைத்தார்கள். போராடியவர்கள் தங்களை நிலத்துக்கும் விடுதலைக்குமான படை என்று அழைத்தார்கள். 1952 ஒக்டோபரில் அவசரகாலச் சட்டம் வந்தது, 1960 ஜனவரிவரை நீடித்தது. அந்தக் காலத்தில் கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேற்றவாசிகள் 32 பேர். அவர்களின் சாவும் சாவுதான், அதை நாங்கள் சின்னதாக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கொல்லப்பட்ட கிளர்ச்சியாளர்கள் அரசின் சொந்தக் கணக்கிலேயே பத்தாயிரத்தைத் தாண்டுவார்கள். பெருந்தொகையானோர் தடுப்பு முகாம்களிலும் முட்கம்பிக் கிராமங்களிலும் அடைக்கப்பட்டார்கள். 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் குடித்ததால் செத்தார்கள் என்பதுதான் அதிகாரிகள் முதலில் சொன்ன காரணம்.

ஹோலாவுக்கும் கேத்தி கேலின் முதல் காட்சிக்கும் இடையில் மூன்றரை வருடங்கள்தான். அந்தச் செய்தி நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட செய்தி. இருந்தும் தொலைக்காட்சிக்கு வந்துசேர்ந்தது செத்துப்போன பண்ணைக்காரர் மட்டும்தான். பின்னாளில், எம்மா பீல் காலத்தில் தொடரை நடத்தியவர்களில் ஒருவரான பிரயன் கிளெமென்ஸ், தங்கள் கற்பனை உலகத்துக்கு எழுதப்படாத விதிகள் இருந்ததை ஒளிவில்லாமல் சொல்லியிருக்கிறார்: சீருடைப் பொலிஸ் வரக்கூடாது, இரத்தம் தெரியக்கூடாது, கறுப்பினத்தவர் வரக்கூடாது. காம்ப் உலகம் சும்மா விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டுத்திடலுக்குள் யாரை விடுவது என்பதை யாரோ தீர்மானித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒளித்துவைத்தது தொலைக்காட்சி மட்டுமல்ல. பேரரசு கழன்றுபோகும்போது, சங்கடம் தரக்கூடிய ஆவணங்களை எரிக்கவும், கடலில் அமிழ்த்தவும், மிச்சத்தைக் கப்பலேற்றி அனுப்பவும் குடியேற்றநாட்டு அதிகாரிகளுக்கு உத்தரவுகள் போயின. அப்படி வந்த கோப்புகள் ஹான்ஸ்லொப் பார்க் என்ற இடத்தில் பிரித்தானிய வெளிவிவகார அமைச்சின் கட்டடத்தில் அரை நூற்றாண்டு கிடந்தன. முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதிய கென்யர்கள் சிலர் லண்டனில் வழக்குத் தொடுத்த பிறகுதான், 2011இல், அவை இருப்பது வெளியே தெரியவந்தது. 37 முன்னாள் குடியேற்றநாடுகளின் ஏறத்தாழ 8,800 கோப்புகள். அவற்றில் சிலோன் கோப்புகளும் இருந்தன. 2013 ஜூனில் பிரித்தானிய அரசு 5,228 பேருக்கு, செலவுகளும் சேர்த்து, 19.9 மில்லியன் பவுண் கொடுக்க ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

காட்டிலிருந்து வந்த பெண்

கேத்தி கேலின் இரண்டாவது பருவம் 1963 செப்டெம்பரில் தொடங்கி 1964 மார்ச்வரை ஓடியது. அதற்கு நடுவில், 1963 டிசெம்பர் 12இல், கென்யா சுதந்திரம் அடைந்தது. காட்டுக்குள் மிச்சமிருந்த போராளிகள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் முத்தோனி வா கிரிமா.

முதலில் போராளிகளுக்காக உளவு பார்த்தவர், பிறகு தானே காட்டுக்குள் போனவர். மௌ மௌ போராளிகளில் ஃபீல்ட் மார்ஷல் என்ற தரத்தை அடைந்த ஒரே பெண். சுதந்திரம் வரும்வரை காட்டைவிட்டு இறங்கவில்லை. அங்கே சடைபிடித்த முடியை அதற்குப் பிறகும் வெட்டவில்லை. நாடு சுதந்திரமடைந்தது, ஆனால் அந்தச் சுதந்திரத்தின் பலன் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அவர் காட்டிய காரணம். 2022 ஏப்ரலில்தான், தொண்ணூறு வயதுப் பராயத்தில், அந்தச் சடை வெட்டப்பட்டது. அடுத்த வருடம் செப்டெம்பரில் அவர் இறந்தார்.

இங்கே பிரித்தானியாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போய்விடவும் முடியாது. குடியேற்ற ஆட்சி மௌ மௌ இயக்கத்துக்குப் போட்ட தடை, சுதந்திர கென்யாவின் சட்டப் புத்தகத்தில் 2003வரை அப்படியே இருந்தது. நாற்பது வருடங்களாகத் தன் விடுதலைப் போராளிகளைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவர்களாகவே ஒரு நாடு வைத்திருந்தது. கடந்தகாலத்தை ஒளித்துவைப்பதற்கு வென்றவர், தோற்றவர் என்ற வித்தியாசம் கிடையாது. யாருக்கு அது சங்கடமோ அவர்கள் ஒளித்துவைப்பார்கள்.

ஆக, ஒரே நேரத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி லண்டன் கலையகத்தில் தோலாடையோடு ஜூடோ அடிக்கிறாள். அவளது மர்மமான கடந்தகாலம் கென்யாவில் புதைந்திருக்கிறது. மற்றவள் அதே கென்யாவின் காட்டில் துப்பாக்கியோடு பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறாள். முதலாமவளின் கதையில் இரண்டாமவளுக்கு ஒரு முகம்கூட இல்லை. அவள் 'கணவனைக் கொன்றவர்கள்' என்ற பன்மைக்குள் கரைந்துபோனவள்.

இதற்காக 'தி அவெஞ்சர்ஸ்' தொடரைப் பார்க்கவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. பாருங்கள். அந்த இயந்திர வீட்டிலிருந்து எம்மா பீல் வெளியே நடந்துவரும் காட்சிக்குக் கைதட்டாமல் இருக்கமுடியாது. தனியே வாழ்ந்த, திருப்பி அடித்த, ஆணுக்கு விளக்கம் சொல்லாத பெண்ணை வரவேற்பறைக்குள் கொண்டுவந்த பெருமை அந்தத் தொடருக்கு உண்டு. அதை நடித்துக் காட்டிய இரண்டு நடிகைகளின் உழைப்பும் உண்மையானது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு வரும் ஒவ்வொரு அதிரடி நாயகிக்கும் ஒரு 'மறைந்த கடந்தகாலம்' இருக்கிறது. கடைசிப் பகுதியில் அது திறக்கப்படும், நாங்களும் வாயைப் பிளந்து பார்ப்போம். அந்த நேரத்தில் அவளுக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்காமல், எங்கே நடந்தது என்றும் கேட்டுப்பாருங்கள். அந்த ஊரின் பெயரைத் தேடுங்கள். அங்கே வாழ்ந்த ஆட்கள் கதைக்குள் எத்தனை வசனம் பேசுகிறார்கள் எண்டு எண்ணுங்கள். ஏனென்றால் யாரோ ஒருவரின் பின்னணிக்கதையில் ஒற்றை வரியாக வந்துபோகிற ஊர்களில், எங்கட ஊர்களும் இருக்கின்றன.